மூளைப் புற்றுநோய்: சிகிச்சையைத் தீர்மானிக்கும் திசுப் பரிசோதனை

ஸ்கேன் அறிக்கையில் 'மூளையில் கட்டி' என்று பார்த்ததுமே பல குடும்பங்கள் நிலைகுலைந்து போகின்றன. ஆனால் எல்லா மூளைக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. மெனிஞ்சியோமா வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. பலருக்கு அறுவை சிகிச்சையே போதும். அஞ்சவேண்டியது கிளையோபிளாஸ்டோமாவுக்குத்தான். பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதும், மிக வேகமாக வளர்வதும் இதுவே.

எவ்வளவு அகற்றலாம்?

இந்தக் கட்டி நல்ல திசுக்களுக்கு ஊடே வேர்விட்டுப் பரவுகிறது. அதனால் முழுவதையும் வெட்டி எடுக்க முடியாது. பேச்சும் கை கால் அசைவும் கெடாமல் முடிந்தவரை எடுப்பதே குறி. பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால், நோயாளியை விழிக்கவைத்துப் பேச்சுக் கொடுத்தபடியே அறுவை செய்வார்கள். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் இது சாத்தியமாகிறது.

இன்னொரு உதவி, அறுவைக்கு முன் குடிக்கத் தரும் 5-ஏஎல்ஏ என்ற மருந்து. நீல ஒளியில் புற்றுத் திசு இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இம்முறையில் 65 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் தெரியும் கட்டி முழுமையாக நீங்கியது. வழக்கமான முறையில் 36 சதவீதம்தான்.

கதிர்வீச்சும் மாத்திரையும்

573 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வின் முடிவுகள் சிகிச்சையையே மாற்றின. ஆறு வாரக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்தபோது, இரண்டு ஆண்டுகள் கடந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 10 பேரிலிருந்து 26 பேராக உயர்ந்தனர். பெரும்பாலான மருந்துகளை மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடுப்பை இந்த மருந்து தாண்டிச் செல்கிறது. இன்றும் அடிப்படைச் சிகிச்சை இதுதான். முதியவர்களுக்கு மூன்று வாரக் கதிர்வீச்சும் தரப்படுகிறது.

மரபணு சொல்லும் சேதி

அகற்றிய திசுவைப் பரிசோதிக்கும்போது சில மரபணுக்களின் நிலையும் தெரியவரும். எம்ஜிஎம்டி என்ற மரபணு செயலடங்கி இருந்தால் டெமோசோலோமைடு நன்றாக வேலை செய்யும். ஐடிஹெச் மரபணு மாறியிருந்தால் அது வேறு நோய். பொதுவாக மெதுவாகவே வளரும். அத்தகைய இரண்டாம் தர (கிரேடு 2) கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரையை 2024இல் அமெரிக்கா அங்கீகரித்தது. சிகிச்சைத் திட்டம் முடிவாகும் முன் இந்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

கதிர்வீச்சின் இன்னொரு வகையான புரோட்டான் கதிர்வீச்சு சென்னையில் 2019 முதல் கிடைக்கிறது. நல்ல திசுக்களுக்குச் செல்லும் கதிரை அது குறைப்பதால், குழந்தைகளின் கட்டிகளுக்குப் பெரிதும் உதவுகிறது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. அதன் செலவுக்காக நிலத்தை விற்கும் முன் இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள்

அதிகாலைத் தலைவலியோடு வாந்தி, பெரியவருக்கு முதன்முறையாக வலிப்பு, ஒருபக்கத் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளை வீக்கத்துக்கும் வலிப்புக்கும் தரும் மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.