ஃபான்ட்டுக்குக் கெர்னலில் என்ன வேலை?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலுக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை என்று கேட்டீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

பிரௌசர், பாட்டு ஆப் எல்லாம் ப்ராசசரில் அதிகாரம் குறைந்த நிலையில் ஓடுபவை. ஒதுக்கிய மெமரியைத் தாண்டிக் கைவைத்தால் கெர்னல் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடும். மற்றவை தம்பாட்டுக்கு ஓடும். கெர்னலுக்கோ முழு அதிகாரம். அது தப்பு செய்தால் தட்டிக்கேட்க மேலே ஆள் கிடையாது, மெஷினே விழும்.

அப்போது கெர்னலைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1992 ஜனவரியில் இதைத்தான் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே கெர்னலில் கொட்டிய லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்றார். லினக்ஸை எழுதிய 22 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், ஏட்டளவில் அவர் சொல்வதே சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் லினக்ஸை மாற்றவில்லை. சின்னக் கெர்னலுக்கும் ஒரு விலை உண்டு: மற்ற வேலைகள் வெளியே போய்விடும். வெளியே இருக்கும் வேலையாளை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எல்லை தாண்டிப் போய் வர நேரம் பிடிக்கும்.

அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் விண்டோஸ் மாட்டிக்கொண்டது. என்டி 3.51 வரை திரையில் வரையும் வேலை கெர்னலுக்கு வெளியே தனி ப்ராசஸில் நடந்தது. 1996இல் வந்த என்டி 4.0, வேகத்துக்காக அதை உள்ளே இழுத்தது. கூடவே ஃபான்ட்டைப் படிக்கும் கோடும் உள்ளே வந்தது. ஃபான்ட் என்றால் வெறும் படம்தானே என்று தோன்றும். ட்ரூடைப் ஃபான்ட்டுக்குள் எழுத்தின் வடிவைச் சீராக்கும் குட்டிக் கட்டளைகள் உண்டு. அவற்றை ஒரு இன்டர்ப்ரெட்டர் ஓட்டியாக வேண்டும். ஆக, யாரோ அனுப்பிய வேர்ட் கோப்பிலுள்ள ஃபான்ட்டைக் கெர்னல் உட்கார்ந்து படித்தது. 2011இல் டுகு என்ற உளவு நிரல் அந்த வழியாகவே நுழைந்தது. விண்டோஸ் 10 காலத்தில்தான் ஃபான்ட் வேலையைப் பிடித்து வெளியே, அதிகாரம் பறிக்கப்பட்ட ஒரு ப்ராசஸில் போட்டார்கள். உள்ளே விட ஒரு வெளியீடு போதும், வெளியே அனுப்ப ஏறக்குறைய இருபது வருஷம்!

லினக்ஸும் யோக்கியமில்லை. 2.4 கெர்னலில் ஒரு வெப் சர்வரே இருந்தது, 2.6இல் தூக்கிவிட்டார்கள்.

என் கணக்கில், கேட்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல: இந்தக் கோடு யார் எழுதிய தரவைப் படிக்கப்போகிறது? 2020இல் லினக்ஸுக்குள் வந்த வயர்கார்டு என்ற விபிஎன்னுக்கும் ஊர்பேர் தெரியாத பாக்கெட்டுகள் வரத்தானே செய்யும் என்பீர்கள். வரும். ஆனால் சாவி பொருந்தாத பாக்கெட்டுக்கு அது வாயே திறக்காது. தவிர, அது சில ஆயிரம் வரிகள்தான், ஒருவரே படித்து முடிக்கலாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் மறையாக்கம் செய்வதால் உள்ளே இருப்பதில் லாபமும் உண்டு.

சிக்கலானது பாதுகாப்பு மென்பொருள். எல்லாவற்றையும் கண்காணிக்க அது உள்ளே இருக்க வேண்டும் என்பார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் கோப்பை அந்த நிறுவனத்தின் கெர்னல் டிரைவர் படித்து, சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் இத்தகைய மென்பொருளை வெளியே கொண்டுவரும் வேலையில் இறங்கியது. ஆப்பிள் 2019இலேயே, மேக்ஓஎஸ் கேடலினாவில், கெர்னலுக்குள் வராமலே கண்காணிக்க வழி செய்து கொடுத்துவிட்டது.