வானத்தில் மோதி வந்த கொழும்புத் தமிழ்

உடும்பஞ்சோலைக்கு அடுத்த ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர், தம் தந்தையார் நாளில் திருச்சி வானொலி நிலையம் கரகரத்து அமுங்கிப்போன மலைச்சரிவிலே, கடல் கடந்த கொழும்புத் தமிழ் மட்டும் கணீரென்று ஒலித்த மர்மம் யாதென வினவியிருக்கிறார். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறிப்போய், மலையாள தேசத்தில் காய் எடுத்துக் காலம் கழித்த ஜனங்களுக்கு இலங்கை வானொலியே தாய்மொழி நிலையமாக விளங்கியது ஆதலால், சற்று விஸ்தாரமாகவே விடை சொல்ல ஆசைப்படுகிறேன்.

கொழும்பில் 1925 டிசம்பரில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. அதற்கு முன்பே எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தி இலாகா எஞ்சினீயர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவியைக் கொண்டு பரீட்சை நடத்தியதாகச் சொல்வார்கள். ஆனால் மலைக்கு வந்த குரல் இரண்டாம் யுத்தத்தின் பிரசாதம். தென்கிழக்காசியச் சிப்பாய்களை மகிழ்விக்க கொழும்பையடுத்த ஏக்கலவில் நாட்டப்பெற்ற 100 கிலோவாட் சிற்றலைக் கருவி, 1949ல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952ல் நம் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அதை ஒடுக்கவே, ரசிகர்களும் விளம்பரப் பணமும் ஒருசேரக் கொழும்புக்குக் குடிபோயின. 1957ல் நம் வானொலியிலேயே சினிமாப் பாட்டுக்கென விவித பாரதி பிறந்ததற்கு இந்த அசட்டுத்தனமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி மர்மத்துக்கு வருவோம். நிலத்தைத் தழுவிச் செல்லும் திருச்சியின் மத்திய அலை, மலைமுகடுகளில் முட்டிமுட்டித் தேய்ந்துவிடும். சிற்றலையோ வானத்தை நோக்கி ஏறி, 100 முதல் 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகளில் மோதி வளைந்து இறங்குகிறது. இதில் விசேஷம், நிலையத்துக்குச் சிறிது அப்பால் ஒன்றும் கேளாத ஒரு மௌன வளையம் உண்டாவதுதான். ஏலச்செடிக்கு மருந்தடிப்பவன் குழாயை மேல்நோக்கிச் சாய்த்தால் அவன் காலடி நனையாமல் தொலைவிலுள்ள செடி நனைவதைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய அதே நியாயம். நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் உடும்பஞ்சோலை, அந்த அலை இறங்கும் பிரதேசத்தில் வாகாக அமைந்திருந்தது. பெட்டியில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் ஏறியிறங்கி அலையாடியதுகூட, அந்த அடுக்குகள் ஓரிடத்தில் நில்லாமல் அசைவதால்தான்.

இப்போது உலகெங்கும் சிற்றலை நிலையங்களைச் செலவு மிகுதி என்று மூடிவருகிறார்கள். 2018 வெள்ளத்தில் இடுக்கியின் பாதைகள் சரிந்து, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போனதைப் பார்த்த பின்பும், இடைவழியில் கோபுரமோ கம்பியோ வேண்டாமல் மலைதாண்டி வரும் ஒரு சாதனத்தை இவ்வளவு சுலபமாகக் கைவிடலாமா? சீன வானொலி 1963லேயே சிற்றலையில் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அவர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்கிறது. வாசகர் தம் தந்தையாரின் பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடுமுன், ஒரு கம்பியைக் கூரைமேல் கட்டி, பொழுது சாய்ந்தபின் 41 மீட்டரில் மெல்ல முள்ளை நகர்த்திப் பார்க்கட்டும்.