மோட்டாருக்கு மூச்சுத் திணறுகிறதா?

மேடு ஏறும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் முக்கி முனகுகிறதா? மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கியர் போட வேண்டியிருக்கிறதா? பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, புகையும் அதிகம், வேகம் மட்டும் வரவில்லை என்கிறீர்களா?

அப்படியானால் "எஞ்சின் போய்விட்டது, போர் போட வேண்டும்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறை போர் போடும்போதும் சிலிண்டரின் சுவர் மெலிகிறது. சில முறைக்கு மேல் அதைக் கடைய முடியாது. டூ ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். யமாஹா ஒய் 100, ஆர்.எக்ஸ்.இசட்., சுசுகி ஆர்.சி. 100 போன்றவை இப்போது புதிதாகத் தயாராவதில்லை. சிங்கப்பூரிலோ, 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது என்று தவணையே வைத்துவிட்டார்கள். இருக்கும் வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆகவே, எஞ்சினைப் பிரிக்கும் முன் புகைக்குழாயைக் கழற்றிப் பாருங்கள். பல சமயங்களில் நோய் நெஞ்சில் இல்லை, மூக்கில்தான் இருக்கிறது!

கரி எப்படிச் சேர்கிறது?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் அடியில் தங்கி, சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் எரிகிறது. அந்தக் காலத்தில் இரண்டையும் கலந்து டேங்கில் ஊற்றினார்கள். 1964இல் யமாஹா கம்பெனி ஆட்டோலூப் என்ற எண்ணெய்ப் பம்பைக் கொண்டு வந்த பிறகு எண்ணெய்க்குத் தனி டேங்க் வந்தது. ஆனாலும் எரிவது எரிவதுதான். முழுதும் எரியாத எண்ணெய் குழாயின் உட்சுவரில் பிசின்போல் ஒட்டி, சூட்டில் வெந்து, கல்போல் இறுகிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓடும் மோட்டாரில் குழாய் நன்றாகச் சூடேறி, கரியில் ஒரு பங்கு தானே எரிந்துபோகும். தோட்டத்து மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லயத்திலிருந்து பிரட்டுக்கு, பிரட்டிலிருந்து வெட்டுக்காட்டுக்கு, பிறகு பால் டின்களைச் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் ஊர்ந்து ஊர்ந்து என்று துண்டு துண்டாக ஓடும் வண்டி அது. குழாய் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறோம். பட்டணத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கும் இதே கதிதான்.

குழாயும் எஞ்சினில் ஒரு பாகமே

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையை வெளியேற்றத் தனி வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரிலுள்ள துவாரம் திறக்கிறது. எரிந்த புகை வெளியே ஓட, புதிய பெட்ரோல் காற்று உள்ளே வருகிறது. வந்ததில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து நழுவப் பார்க்கும். நடுவில் பெருத்துப் பின்னால் சிறுத்திருக்கும் குழாய், அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, நழுவியதை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

இந்த வித்தையை 1950களில் பந்தய மோட்டார்களில் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் பணியாற்றிய வால்டர் காடன். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் சுவீடன் பந்தயத்தின்போது தப்பியோடி, சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே, 1962இல், 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது! குழாயின் அருமை இப்போது புரிகிறதல்லவா?

அடைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

எஞ்சினை ஓடவிட்டு, குழாய் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். 'பட் பட்' என்று காற்று விட்டு விட்டு அடிக்க வேண்டும். சோர்ந்து வந்தால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். சத்தம் அமுங்கி ஒலிப்பதும், குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கறுப்பு எண்ணெய் கசிவதும் மற்ற அடையாளங்கள்.

கழற்றிச் சுத்தம் செய்யும் முறை

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். பல மோட்டார்களில் குழாயின் பின்முனையில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, பிளேயரால் பிடித்துத் திருகி இழுத்தால் உள்குழாய் வெளியே வரும். துருப்பிடித்த திருகாணியாக இருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடைந்துவிடும்.

உள்குழாயில் பஞ்சு சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு, வெட்டவெளியில் கேஸ் டார்ச்சால் காய்ச்சுங்கள். கரி வெந்து உதிரும். ஆறிய பிறகு கம்பி பிரஷால் தேய்த்து, ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது வேண்டவே வேண்டாம்.

பெரிய குழாய்க்கு ஒரு பழைய கிளச் கேபிள் போதும். ஒரு முனையைப் பிரித்துத் துடைப்பம்போல் விரித்து, உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுங்கள். மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் கரி கொட்டும்.

சிலிண்டர் துவாரத்தையும் மறந்துவிடாதீர்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் துவாரத்தை மூடி நிற்கும்படி செய்து, மூங்கில் சிம்பால் கரியைச் சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும். திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் போடுங்கள். முதல் சில நிமிடம் புகை வந்தால் பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெய் எரிகிறது.

காஸ்டிக் சோடாவா? எச்சரிக்கை!

காஸ்டிக் சோடாவைக் கரைத்துக் குழாயில் ஊற்றி ஊறவைப்பது பலர் கையாளும் முறை. கரி இளகும் என்பது உண்மைதான். ஆனால் அது கண்ணையும் குருடாக்கும். சோடாவைத்தான் குளிர்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாகத்தில் பட்டால் அரித்துவிடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே, விடாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மிச்சக் கரைசலைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீரென்று நினைத்துக் குழந்தை ஒரு மிடறு குடித்தால் தொண்டையே வெந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த முறையே வேண்டாம். கேபிளும் பிரஷும் போதும்.

கரி மீண்டும் சேராதிருக்க

காரணத்தைத் தீர்க்காமல் குழாயை மட்டும் கழுவினால் கரி மறுபடி வந்து சேரும். "ஒரு மூடி அதிகம் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்பது தவறான எண்ணம். கம்பெனி சொன்ன அளவே அளவு. குறைத்தாலும் ஆபத்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார் எண்ணெயை ஊற்றாதீர்கள்; அது எரிந்தால் சாம்பல் தங்கும். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் டப்பாவில் ஜாசோ எப்.சி. அல்லது எப்.டி. என்ற குறி இருந்தால் புகையும் கரியும் குறைவு. காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருங்கள். கியர் எண்ணெய் காரணமில்லாமல் குறைந்து வெள்ளைப் புகை வந்தால், அது சீல் கோளாறாக இருக்கலாம். அப்போது பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அடைப்பே வேண்டாமென்று உள்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். காது கிழியும், சம்மன் வரும். வேகம் கூடும் என்பதும் நிச்சயமில்லை.

சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்பேனரும் பிளேயரும் ஒரு புதிய கேஸ்கெட்டும் போதும். மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் வண்டி மேடு ஏறவில்லை என்றால், அப்போது போர் போடுவதைப் பற்றிப் பேசலாம்.