மரத்தோடு வாழ்தல் – 14: சுவரோரம் நிற்கும் மேஜை

அம்மாவால் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போன வருடம், பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பந்திப்பாய் பரணிலிருந்து இறங்கவில்லை. அம்மா கீழே உட்காராதபோது நாங்கள் மட்டும் உட்காருவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. பாதிப் பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார்கள். பெரியப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, அதில் இலையை விரித்தார். ரசம் ஊற்றும்போது முக்காலி ஆடியது. அவர் எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரி நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

எங்கள் ஹால் பத்துக்குப் பதினாறு அடி. எட்டுப் பேர் உட்காரும் மேஜையை அதில் நிரந்தரமாகப் போட்டால், வருடம் முழுக்க அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆகவே மடக்கு மேஜை. சென்ற வாரம் ஊஞ்சல் பலகையைப் பற்றிச் சொன்னபோது, உபயோகத்தில் இல்லாத நேரத்தில் ஒரு பொருள் எப்படி நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். மடக்கு மேஜைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். விரித்து வைக்கும் நாட்கள் வருடத்துக்குப் பத்தோ பதினைந்தோதான். மற்ற நாட்களில் அது மடிந்தே நிற்கும். அதனால் மடிந்து நிற்கும் தோற்றத்தை முதலில் வரைய வேண்டும் என்பது என் கட்சி. கடைகளில் பார்க்கும் பெரும்பாலான மடக்கு மேஜைகள் விரித்தால் மேஜை, மடித்தால் ஒளித்துவைக்க வேண்டிய சாமான். கட்டிலுக்கு அடியில் தள்ளிய சாமானை அவசரத்துக்கு யார் இழுப்பார்கள்?

இந்தச் சிக்கலை ஆங்கிலேயத் தச்சர்கள் 17-ம் நூற்றாண்டிலேயே சந்தித்திருக்கிறார்கள். பெரிய வீடுகளில் எஜமானரும் வேலைக்காரர்களும் ஒரே கூடத்தில் நீள மேஜையில் சாப்பிட்ட வழக்கம் மாறி, குடும்பம் மட்டும் சின்ன அறைக்குள் சாப்பிட ஆரம்பித்த காலம் அது. நடுவில் குறுகலான ஒரு பலகை, இரண்டு பக்கமும் தொங்கும் பலகைகள், அவற்றைத் தாங்க வெளியே திரும்பி வரும் கால்கள் என்று ஓக் மரத்தில் ஒரு மேஜை பிறந்தது. அந்தக் கால் தனிக்கால் இல்லை. மேலும் கீழும் சட்டம் போட்ட ஒரு குட்டிக் கதவு. நம் பழைய வீட்டுக் கதவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி விட்டு, நிலையில் குழி எடுத்துச் சுழல விட்டிருப்பார்கள். அந்த மேஜையின் காலும் அதே மாதிரி குடுமியில்தான் சுழன்றது. தொங்கும் பலகைக்கு ஆங்கிலத்தில் ‘இலை’ என்றே பெயர். நம் ஆசாரிகள் இறக்கை என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பிறகு வந்தவர்கள் வேறு வழிகளில் போனார்கள். 1800-ல் ரிச்சர்ட் கில்லோ, சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளும் மேஜைக்குக் காப்புரிமை வாங்கினார். 1835-ல் லண்டனில் ராபர்ட் ஜூப் செய்தது எல்லாவற்றையும்விட அழகு. வட்ட மேஜையின் மேல்பலகையை எட்டுத் துண்டாகப் பிரித்து, அதைப் பிடித்துத் திருப்பினால் எட்டும் மையத்திலிருந்து வெளியே நகரும்படி அமைத்தார். இடைவெளிகளில் நுனி கூரான பலகைகளைச் செருகினால் பெரிய வட்டம். இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். துண்டுகள் ஒரு அடி வெளியே போனால், பக்கத்துத் துண்டுகளுக்கு நடுவே சுமார் 9 அங்குலம் இடைவெளி விழும். அந்த இடைவெளி உள்ளேயும் வெளியேயும் ஒரே அகலம்! இதைக் கணக்குப் போட்டுக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்வீடனில் புரூனோ மாத்சன் 1936-ல் வடிவமைத்த ‘மரியா’ மேஜை மறு கோடி. விரித்தால் 280 செ.மீ. நீளம், மடித்தால் ஒரு சாண் அகலம்.

வட்டம் எனக்கு ஆசைதான். ஆனால் இலை இடம் கொடுக்கவில்லை. தட்டு வைத்துச் சாப்பிடும் மேஜைக்கு ஆளுக்கு 60 செ.மீ. என்பது வழக்கமான கணக்கு. தலைவாழை இலைக்கு அது போதாது, 75 வேண்டும். எட்டு இலைக்கு வட்டம் போட்டால் குறுக்களவு ஆறு அடியைத் தாண்டிவிடும், நடுவில் யார் கைக்கும் எட்டாத இடம் வெறுமனே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. பந்தியில் ஒரு பக்கம்தான் ஆட்கள் உட்காருவார்கள், பரிமாறுபவர் எதிரே நடந்து, குனிந்து, முகம் பார்த்து “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்பார். நாலு பக்கமும் ஆள் உட்காரும் மேஜையில் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு இறக்கையை மட்டும் தூக்கினால் பந்தி, இரண்டையும் தூக்கினால் வட்டமாக உட்கார்ந்து பேசும் மேஜை. இப்படித்தான் என் வரைபடம் ஒரு வழிக்கு வந்தது.

நடுப்பலகை 225 செ.மீ. நீளம், 40 அகலம். இறக்கைகள் 45. உயரம் 75. மூன்று இலை வரிசையாக விழும். மடித்தால் சுவரோரம் 40 செ.மீ.தான் பிடிக்கும், இறக்கை தரைக்கு 30 செ.மீ. மேலே நின்றுவிடுவதால் துடைப்பம் போகும். தாங்கும் கால்கள் 75-லும் 150-லும் நிற்கும்படி வைத்தேன், அதாவது இரண்டு பேர் முழங்காலுக்கு நடுவில். கால், இறக்கையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது போய் நிற்க வேண்டும். குறைந்தால், யாராவது கையூன்றி எழும்போது மேஜை குடைசாயும்.

ஹால் பக்கத்து இறக்கையை மட்டும் 75, 150 என்று இரண்டாக அறுத்தேன். முழு இறக்கை பதினான்கு கிலோ வரும், அம்மா எப்படித் தூக்குவாள்? சின்னத் துண்டு ஐந்து கிலோவுக்கும் குறைவு. கீல் பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்வதால் கைக்கு இரண்டரைதான். அதற்குத் தனியாக ஒரு கால்.

இனி அலங்காரம். தொங்கும்போது இறக்கையின் மேல்முகம் வெளியே பார்க்கும். அதாவது மடித்த நாளில் மேஜைக்கு முகமாக இருப்பதே விருந்து நாளில் இலை போடும் இடம். ஆகவே செதுக்குவேலை கூடாது. பள்ளத்தில் சாம்பார் தங்கும். சமமாக இழைத்த பதிப்புவேலைதான் சரி. மூட்டின் குறுக்கே ஒரு சிக்குக்கோலம் பதிக்க வேண்டும், தூக்கியதும் இரண்டு பாதியும் சேர வேண்டும் என்று வரைந்து எடுத்துப் போனேன். ஆசாரி வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, கோலம் நல்லாத்தான் இருக்கு. மழைக்கு மரம் ஒரு மயிரிழை நகர்ந்தா புள்ளிக்குப் புள்ளி சேராதே. வருஷா வருஷம் உங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கும்.”

“வேற என்ன பண்ணலாம் ஆசாரி?”

“ரேகைய வுடுங்க. ஒரே பலகைல அறுத்து, ரேகை மேலேர்ந்து கீழ எறங்குற மாதிரி வச்சா அதுவே கோலம்தான்.”

அப்படியே செய்தோம். பழைய வீடு பிரித்த உத்திரம் ஒன்றில் அறுத்த தேக்கு. விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே, ஈட்டியில் ஒரு மெல்லிய கருங்கோடு மட்டும்.

மூட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேஜையின் உயிர் அங்கேதான். இரண்டு பலகையின் விளிம்பையும் நேராக வெட்டிக் கீல் வைத்தால், இறக்கை தொங்கும்போது வாய் பிளந்த மாதிரி ஒரு சந்து தெரியும். அதற்காக நடுப்பலகை விளிம்பைக் கால்வட்டமாகப் புடைக்க இழைத்து, இறக்கை விளிம்பை அதே அளவுக்குக் குழிவாக இழைப்பார்கள். இறக்கை இறங்கும்போது குழிவு, புடைப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். எந்த நிலையிலும் சந்து தெரியாது. தச்சர்களின் மடக்கு அளவுகோலில் இருக்கும் பித்தளை மூட்டைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் அதன் பெயராலேயே அழைக்கிறார்கள். கீலின் ஊசி, அந்த வட்டத்தின் மையத்தில் உட்கார வேண்டும். சரியாக மையத்தில் வைத்தால் மரமும் மரமும் உரசும். அதனால் கால் நூல் வெளியே தள்ளி வைப்பார் ஆசாரி. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதிலும் கால். கீலின் ஒரு தகடு நீளமாக இருக்கும். குழிவைத் தாண்டிப் போய் இறக்கையைப் பிடிக்க வேண்டியது அது. இந்தக் கீலைத் தேடி நான் நான்கு கடை ஏறினேன்.

இவ்வளவும் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் தங்கைக்கு ஒரு சின்ன மடக்கு மேஜை செய்துகொடுத்தேன். மேலே கண்ணாடி போல பாலிஷ். அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பச்சையாக விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து வீங்கியது, மேல்பக்கம் வீங்கவில்லை. பலகை தாம்பாளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்று நம்பியிருந்தேன். குறைவாக அசையும், உண்மைதான். அசையாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் புகுந்த வீட்டில், நாலு பேருக்கு முன்னால், அந்த மேஜையில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு நடுவில் போய் நின்றதைப் பார்த்தேன். தங்கை சட்டென்று அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு செய்கை இன்னும் என்னை உறுத்துகிறது. இந்த மேஜையில் அடிமுகத்துக்கும் மேல்முகத்துக்கும் அதே பாலிஷ், அதே எண்ணிக்கையில் கை ஓட்டினோம்.

அடுத்த பொங்கலுக்குப் பெரியப்பா வந்தார். சுவர்ப் பக்கத்திலிருந்து மேஜையை இழுத்து, ஹால் பக்கத்து இறக்கைகளை மட்டும் தூக்கினேன். மூன்று மூன்று பேராக மூன்று பந்தி. அம்மா முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்தாள், பெரியப்பா பக்கத்தில். எதிர்ப்பக்கம் நின்று நானே ரசம் ஊற்றினேன். அவர் கையால் ஒரு தடவை பலகையை அழுத்திப் பார்த்துவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்போது தினமும் காலையில் அம்மா அந்தச் சின்ன இறக்கையைத் தூக்கிக் கீரை ஆய்கிறாள். முடிந்ததும் துடைத்துவிட்டு, காலை உள்ளே தள்ளி, பலகையை இறக்குகிறாள். சத்தமே கேட்பதில்லை.

(தொடரும்)