பிரஷர் அடங்காவிட்டால் அட்ரினலையும் பாருங்கள்

சிறுநீரகக் கல்லோ என்று வயிற்றுக்குச் சீ.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இல்லை. அறிக்கையின் கடைசியில் மட்டும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் 2 சென்ரிமீற்றர் கட்டி என்று ஒரு வரி. நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறும் அவசரத்தில் அந்த வரி கிளினிக் கொப்பிக்குள் மடிந்துபோகக்கூடும்.

இப்படித் தற்செயலாக அகப்படும் கட்டிகளில் அநேகமானவை புற்றுநோய் அல்ல. எந்த ஹோர்மோனையும் மிகையாகச் சுரப்பதும் இல்லை. பயம் வேண்டாம். விசாரிக்க வேண்டியது சுரக்கிற சிறுபான்மையை.

கட்டி அல்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனை மிகையாகச் சுரந்தால் உடலில் உப்புத் தங்கும், பிரஷர் ஏறும். 1950களில் அமெரிக்க வைத்தியர் ஜெரோம் கான் விவரித்த நோய் இது. 2005இல் பிரெஞ்சு வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாளரில் 12.9 சதவீதத்தினருக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. வயதும் பிரஷரும் ஒத்த மற்றவர்களில் அது 3.4 சதவீதம்தான். பிரஷர் ஒன்றாக இருந்தும் சேதம் வேறு. அந்த ஹோர்மோனே இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. நாமோ ரொட்டியிலும் சம்பலிலும் போடும் உப்பை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம்.

கோர்ட்டிசோல் என்ற இன்னொரு அட்ரினல் ஹோர்மோனின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அட்ரினல் கட்டியுள்ள 3,656 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. கோர்ட்டிசோலை மிகையாகச் சுரக்கும் கட்டியுள்ளவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது, குறிப்பாக 65 வயதுக்குக் குறைந்த பெண்களிடம். கொழுந்து பறிக்கும் வயதுப் பெண்கள்.

பாரிசவாதம் வந்த நாட்களில் கோர்ட்டிசோல் தானாகவே ஏறும். அதிகம் ஏறியவர்கள் மோசமாகத் தேறுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கோர்ட்டிசோல் ஏறியதற்குக் கட்டிதான் காரணம் என்று அப்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவுகட்ட முடியாது. உடல் தேறிய பிறகு, இரவில் டெக்ஸாமெதசோன் குளிசை கொடுத்து மறுநாள் காலை இரத்தம் எடுப்பதே முறை. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு வருகிறவர்களுக்கு அட்ரினலின் சுரக்கும் வகைக் கட்டியா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால், அட்டெனொலோல் போன்ற குளிசையை மட்டும் கொடுப்பது பிரஷரை இன்னும் ஏற்றிவிடும்.

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஹோர்மோன் நிபுணரைப் பார்க்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக நேரலாம்; ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். போகத்தான் வேண்டும் என்பேன். பிரஷருக்கு வெறுமனே குளிசை கூட்டிக்கொண்டே போவதைவிட இது மேல், ஏனென்றால் அல்டோஸ்டிரோன் நோய்க்கு ஸ்பைரோனொலாக்டோன் என்ற பழைய குளிசை உண்டு. ஒரு பக்கக் கட்டியானால் சத்திரசிகிச்சையும் உண்டு. பிரஷர் உள்ள எல்லோரிடமும் இந்நோயைத் தேடிப் பார்க்கலாம் என்று 2025இல் ஹோர்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி பரிந்துரைத்திருக்கிறது.

பாரிசவாதம் வந்து வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ விடியட்டும் என்று லயத்தில் காத்திருக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.