டயாலிசிஸ் நோயாளிகளின் உடல் நலிவு: குடும்பங்கள் தாங்கும் மறுபாதி

சிறுநீரகங்கள் செயலிழந்தவர்களின் உயிரை டயாலிசிஸ் சிகிச்சை காக்கிறது. ஆனால் இழந்த உடல் வலுவை அது மட்டுமே மீட்டுத்தருவதில்லை.

அமெரிக்காவில் 2,275 டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நலிவுற்றிருந்ததாகக் கண்டறிந்தது. 40 வயதுக்குட்பட்டவர்களிலும் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் இந்நிலையில் இருந்தனர். நலிவுற்றோருக்கு மரண ஆபத்து இரு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது.

காரணமின்றி எடை குறைதல், தீராத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், உடலியக்கம் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று காணப்பட்டால் அதனை நலிவு என்று மருத்துவர்கள் வரையறுக்கின்றனர். பசியின்மை, உடலில் நீடிக்கும் அழற்சி, சிகிச்சையின்போது கழிவுகளுடன் அமினோ அமிலங்களும் வெளியேறுவது ஆகியவை இதற்கான காரணங்களில் அடங்கும்.

1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் வயது வேறுபாடின்றிப் பெரும்பாலான சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. எனினும் குளிக்கவும் உடுத்தவும் நீண்டகாலத் துணை மட்டுமே தேவைப்படுவோருக்கு அத்திட்டம் பணம் செலுத்துவதில்லை. வாரம் மூன்று முறை, தலா நான்கு மணிநேரம் என்று சிகிச்சை பெறுபவருக்கு, வாரத்தின் எஞ்சிய 156 மணிநேரமும் பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பாகிறது.

இப்பொறுப்பை அன்புடன் ஏற்கும் குடும்பங்களும் இரு இடங்களில் தவறிவிடுவதுண்டு. முதலாவது உணவு. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு புரதத்தைக் குறைக்குமாறு கூறப்பட்டிருக்கலாம். தொடங்கிய பின்னரோ, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டல். பழைய பத்தியம் தொடர்ந்தால் தசை கரையும்.

இரண்டாவது ஓய்வு. நோயாளியை எழவே விடாமல் அனைத்தையும் பிறர் செய்து கொடுப்பது நலிவை விரைவுபடுத்தக்கூடும். இத்தாலியில் நடந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வீட்டிலேயே ஆறு மாதங்கள் எளிய நடைப்பயிற்சி மேற்கொண்டவர்கள் ஆறு நிமிடங்களில் நடக்கும் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. பயிற்சி செய்யாதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆகவே மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் ஆலோசித்து, போதிய புரதம் பரிமாறுவதும் உடன் நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நடை தளர்வதை இரத்தப் பரிசோதனை காட்டாது. அதனை முதலில் காணக்கூடியவர்கள் வீட்டில் உள்ளவர்களே. கண்டதை மருத்துவமனையில் தெரிவிப்பதும் அவர்களின் பங்களிப்பாகும்.