அவசரப் பட்டினியும் அன்றாட ஆகாரமும்



சரீர எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னவுடன் நம்மவர்கள் பலர் முதலில் செய்வது, சோற்றை அடியோடு நிறுத்துவதுதான். காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் எடை இறங்குகிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து அதே நபர், பழைய எடைக்கு மேல் இரண்டு கிலோ கூடி, வெட்கத்தோடு திரும்பி வருகிறார். வார்டுகளுக்கு ஜெபிக்கப் போகும் எங்களிடம் இவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றே: "எனக்கு மன உறுதி போதாது, ஐயா." இப்படித் தங்களையே நொந்துகொள்ளுகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

நம் சரீரம் ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பே. அதோடிருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. தராசு முள் இறங்குவதைப் பார்த்துக் கொழுப்பு கரைந்துவிட்டதென்று எண்ணுகிறோம். மறுபடி சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பிவிடும். பட்டினி நீடித்தால் கொழுப்பும் குறைவது மெய்தான். ஆனால் தசையும் கூடவே கரைகிறது.

இதை மிகவும் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி, இரண்டாம் உலகப்போரின் கடைசி நாட்களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களுக்கு எவ்விதம் மீண்டும் ஆகாரம் கொடுப்பது என்பதை அறிய ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி அதை நடத்தினார். மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் எடுக்க மறுத்த 36 வாலிபர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களில் பலர் குவேக்கர், மென்னோனைட் போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். 1945இல் 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே கொடுக்கப்பட்டது. எடையில் கால் பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். இராப்பகலாகச் சாப்பாட்டு நினைவு. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் போக மறுத்துச் சமுதாயத்தின் ஏளனத்தைத் தாங்கியவர்களை மன உறுதி அற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களே பட்டினி முடிந்தபின் எவ்வளவு சாப்பிட்டாலும் திருப்தியடையாமல் தவித்தார்கள். பலருக்குச் சரீரக் கொழுப்பு முன்பைவிட அதிகமாயிற்று. சரீரத்துக்குப் பஞ்சமும் தெரியாது, டயட்டும் தெரியாது. ஆகாரம் குறைந்தால் செலவைச் சுருக்கி, பசியைக் கூட்டித் தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இனி நம் ஊர் விஷயம். சர்க்கரை வியாதி வரும் நிலையிலிருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளியாயிற்று. ஆலோசனை ஒன்றும் பெரிதல்ல: சர்க்கரையை விடுவது, அரிசியையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்துள்ள உணவைச் சேர்ப்பது, தினம் அரை மணி நேரம் நடப்பது. மூன்று வருடத்தில், ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு வியாதி வந்தது; பெற்றுக் கைக்கொண்ட பிரிவில் 39 சதவீதத்தினருக்கே வந்தது. இதில் எங்களை வியக்கவைத்தது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான். தராசையே பார்த்திருந்தால் "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று பாதியில் விட்டிருப்பார்கள்.

ஆகையால், பத்து வருடம் செய்ய முடியாததைப் பத்து நாள் செய்ய வேண்டாம் என்றே சொல்லுகிறோம். இரண்டு கரண்டி சர்க்கரையோடு நாலு வேளை தேநீர் குடிக்கிறவர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை சாப்பிடுகிறார். முதலில் ஒரு கரண்டியாக்கட்டும். சோற்றில் ஓர் அகப்பை குறைத்து, அந்த இடத்தில் கூட்டோ கீரையோ வைக்கலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது நிலைப்பதில்லை. அம்மா தனக்கென்று சுட்ட கோதுமைத் தோசை மூன்றாம் நாள் நின்றுவிடும். வீடு முழுவதற்கும் எண்ணெய் குறைந்தால் நிற்கும். சபையில் அசனம் வரும், கல்யாணம் வரும்; அன்று சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடந்து பரிகாரம் தேட வேண்டாம், வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும்.

வேகமாக எடையைக் குறைப்பதே எப்போதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் என்ற ஆராய்ச்சியில், பல வாரங்கள் நாளொன்றுக்கு 850 கலோரி அளவே உட்கொண்ட சர்க்கரை வியாதியஸ்தரில் 46 சதவீதத்தினர் ஒரு வருட முடிவில் மாத்திரையில்லாமல் நல்ல அளவில் இருந்தார்கள். ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. தொடங்கிய அன்றே சர்க்கரை மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. பின்பு வழக்கமான உணவு படிப்படியாகக் கொடுக்கப்பட்டது.

வீட்டில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சாப்பாடு நின்றுவிடுகிறது, மாத்திரை மட்டும் தொடருகிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் இப்படிச் செய்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். லெந்து நாட்களில் உபவாசிக்க விரும்புகிறவர்கள் சாம்பல் புதனுக்கு முன்னமே மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வேர்வை, கை நடுக்கம், தடுமாற்றமான பேச்சு ஆகியவற்றைக் கண்டால் உடனே மூன்று நாலு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், தாமதமின்றி அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.